ஒன்றரை மணி நேரத் தொலைவு: பல்கலைக்கழகங்களும் சிறு சேவைத் தொழில்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தையும் அதன் நடுவே எழுந்துள்ள சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழக வளாகத்தையும் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனங்களும் எதிரெதிர்க் கட்டடங்களில் இருந்தால் ஒத்துழைப்பு தானாகவே வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இத்தகைய பேச்சின் அடியில் எப்போதும் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தத் தொழிலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பற்றி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, விருந்துகளுக்குச் சமைத்து அனுப்பும் உணவு விநியோகத் தொழில் நடத்தி வருபவன் என்ற முறையிலும், ஒரு முறை பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து வேலை பார்த்துப் பாதி தோற்றுப் பாதி தேறியவன் என்ற முறையிலும் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நம் தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; வடக்கு தெற்காக அதில் பாதிக்குச் சற்றே மேல். தாம்பரத்தில் ஏறி எண்ணூரில் இறங்கினால் ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஆகிவிடும். இப்படிப்பட்ட ஊரில் பல்கலைக்கழகத்துக்கும் தொழிலுக்கும் இடையே தூரம் ஒரு தடை என்று பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் நண்பர் ஒருவர் சிரித்தே விட்டார். அவர் நகரின் மையத்தில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார் என்பதால் அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டு சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் புக்கிட் தீமாவிலிருந்து பிராஸ் பசாவுக்கு இடம் பெயர்ந்தபோது, வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் கணக்காய்வு நிறுவனங்களும் நெருக்கியடித்து நிற்கும் ராஃபிள்ஸ் பிளேசுக்கு நடந்தே போய்வரும் தூரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது. (அவ்வட்டாரத்துச் சாலைகளை மாற்றியமைத்தபோது ஸ்டாம்ஃபர்ட் சாலையிலிருந்த பழைய தேசிய நூலகம் சுரங்கப்பாதைக்கு வழிவிட்டு 2004ல் மூடப்பட்டதை என் வயதினர் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, அது தனிக் கதை.) வங்கி அதிகாரி ஒருவர் மதிய உணவு நேரத்தில் மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இரண்டு மணிக்குள் தம் மேசைக்குத் திரும்பிவிடலாம். அதைவிட முக்கியமானது, வங்கியின் சிக்கல்கள் பெரும்பாலும் எண்களாகவே இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு அந்த எண்களைக் கணினி வழியாக ஜூரோங்குக்கும் அனுப்பலாம், ஜெனீவாவுக்கும் அனுப்பலாம். தூரம் குறைவாக இருப்பதும் அவர்களுக்கே வாய்த்திருக்கிறது, தூரம் ஒரு பொருட்டாக இல்லாமல் இருப்பதும் அவர்களுக்கே வாய்த்திருக்கிறது.

உற்பத்தித் தொழில் செய்பவருக்கும் ஒரு வசதி உண்டு. அவருடைய சிக்கலை ஒரு பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் சம்பால் செய்து புட்டியில் அடைத்து விற்கிறார். நாளாக ஆக எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது என்ற குறைக்கு, டோவரில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயங்கும் உணவுப் புத்தாக்க வள நிலையத்தைப் போன்ற இடங்களை அவர் நாடலாம். ஐந்து புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால் போதும். டோவர் நிலையமே பெரும்பாலும் அந்தக் கல்லூரியை மனத்தில் வைத்து 2001ல் கட்டப்பட்டது என்பதும், படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு ரயில் நிலையமா என்று அப்போது சிலர் முணுமுணுத்ததும் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். புட்டி பேசும். அதைத் திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து, சோதனைக்குழாயில் ஊற்றிப் பார்த்து, சிக்கல் என்னவென்று ஆய்வாளர் தம் இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

சேவைத் தொழிலின் சிக்கலை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டும் இருக்கிறது; நடந்து முடிந்ததும் மறைந்துவிடுகிறது. பார்க்க விரும்புபவர்தான் வர வேண்டும். ஆகவே, ஒரே அளவு கிலோமீட்டர் என்றாலும் சேவைத் தொழிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே அது கூடுதலாகக் கனக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கொவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, தீவின் மறுகோடியிலிருந்த ஒரு கல்வி நிலையம் எங்களோடு ஒரு மாணவர் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. எங்கள் சமையற்கூடம் தீவின் வடக்கே செனோக்கோவில் இருக்கிறது. அவர்கள் வளாகத்திலிருந்து ஒரு பேருந்து, இரண்டு ரயில், மறுபடியும் ஒரு பேருந்து என்று ஒன்றரை மணி நேரம் ஆகும். திட்டத்தின் நோக்கம் எளிது: ஒவ்வொரு விருந்துக்கும் எவ்வளவு சமைத்தால் மிச்சமும் இராது, பற்றாக்குறையும் வராது என்று முன்கூட்டியே கணிக்கும் ஒரு கணினி முறை. எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் உணவில், சமைத்த நேரத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதையும் சீட்டெழுதி ஒட்ட வேண்டும். எனவே மிஞ்சியது மறுநாளுக்கு உதவாது, குப்பைக்குத்தான் போகும். தூக்கிப் போடும் ஒவ்வொரு அண்டாச் சோற்றிலும் எங்கள் லாபம் போகிறது என்பதால் நானும் மிகுந்த ஆர்வத்தோடு இருந்தேன்.

நான்கு மாணவர்களும் அவர்களின் ஆசிரியரும் முதலில் நேரில் வந்தார்கள். கையுறையும் தலையுறையும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்கள், கேட்டார்கள், படம் பிடித்தார்கள். இரண்டாம் முறை இருவர் வந்தார்கள். அதன் பிறகு காணொளிச் சந்திப்பு போதும் என்று ஆகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போக வர மூன்று மணி நேரம், நடுவில் வகுப்புகள், போக்குவரத்துச் செலவு அவரவர் கையிலிருந்து. காணொளிக்கு இருதரப்புக்கும் ஒத்துவந்த நேரம் பிற்பகல் 3 மணி. அந்த நேரத்தில் எங்கள் சமையற்கூடத்தில் நடப்பது பாத்திரம் கழுவுவது ஒன்றுதான். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் கழுவிக் கவிழ்த்த அண்டாக்களை நான் ஐந்து வாரம் அவர்களுக்குக் காட்டினேன்.

மூன்று ஆண்டு விலைப்பட்டியல்களை (பில்களை) அனுப்பினேன். அவற்றை வைத்து அவர்கள் செய்து கொடுத்த கணிப்பு முறை பார்க்க அழகாக இருந்தது. வண்ண வண்ணக் கோடுகள், மாதவாரி ஏற்ற இறக்கம். பயன்படுத்திப் பார்த்தபோது, 300 பேர் என்று ஆர்டர் வந்தால் 300 பேருக்குச் சமையுங்கள் என்றது. அதற்குக் கணினி எதற்கு என்று எங்கள் சமையல் மாஸ்டர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த நால்வரில் ஒரு தமிழ் மாணவர் இருந்தார். அவர் வீடு அட்மிரல்டியில், எங்கள் இடத்திலிருந்து சைக்கிளில் வரும் தூரம். திட்டம் இப்படி முடிவதில் அவருக்கு என்னைவிட வருத்தம். ஒரு சனிக்கிழமை விடியற்காலை, தேர்வு முடிந்த வாரம் என்று நினைக்கிறேன், சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வந்து நின்றார். மணி நாலு ஆகப் பத்து நிமிடம். மாஸ்டர் அரிசியை டின்னால் அளந்து போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் 300 என்று இருந்தது. டின் கணக்கு 340க்குப் போனது. மாணவர் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

"மாஸ்டர், பேப்பர்ல 300தானே இருக்கு? ஏன் கூடப் போடுறீங்க?"

"இது பதினாறாம் நாள் சாப்பாடு தம்பி. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவங்கதான் வருவாங்க. துக்கத்துக்குக் கேள்விப்பட்டவங்க எல்லாரும் வருவாங்க."

பிறகு மாஸ்டர் தாமாகவே சொல்லிக்கொண்டு போனார். வேலை நாளில் மாலை விருந்து என்றால் 20 குறைத்துத்தான் போடுவாராம். பாதிப் பேர் அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்து, பசி அடங்கிய பிறகு பெயருக்கு ஒரு தட்டு எடுப்பார்கள். ஒரு வயது பிறந்தநாள் என்றால் பிள்ளைகள் சோறு தொடுவதில்லை; கோழி வறுவலைக் கூட்டிச் சோற்றைக் குறைக்க வேண்டும். குறிப்பிட்ட இரண்டு கோயில்களின் அன்னதானத்துக்கு மட்டும் சாம்பாரைக் கேட்டதைவிட ஒரு பங்கு கூட்டிப் போட வேண்டும். இவையெல்லாம் மாஸ்டரின் சிறிய கோடு போட்ட நோட்டில் அவருக்கு மட்டும் புரிகிற தமிழில் எழுதியிருந்தன. உயர்நிலை நான்கோடு தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பிள்ளை, எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்த நோட்டைப் படித்தார். நான் இத்தனை ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்த நோட்டைத் திறந்து பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விலைப்பட்டியலில் இருப்பது நான் பணம் வாங்கிய எண்ணிக்கை. சமைத்த எண்ணிக்கை அதில் இல்லை. என்ன நிகழ்ச்சி என்பதற்கு எங்கள் ஆர்டர் தாளில் ஒரு கட்டமே இருந்ததில்லை. நான் அனுப்பிய தரவில் விடை இல்லை என்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நிகழ்ச்சி, கிழமை, நேரம் ஆகிய மூன்றுக்கும் கட்டம் போட்டு, மாஸ்டரின் நோட்டில் இருந்ததையும் சேர்த்து அந்த மாணவர் விடுமுறையில் மறுபடியும் அதைச் செய்து கொடுத்தார். மிச்சம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. எத்தனை விழுக்காடு என்று கேட்டால், முன்பு நான் எடை போட்டு வைக்காததால் சொல்ல இயலாது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, தூரத்தையும் அறிவையும் பற்றி ஆய்வாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆலன், பொறியாளர்கள் தமக்குள் எவ்வளவு அடிக்கடி தொழில் பேசுகிறார்கள் என்பதை அவர்களின் மேசைகளுக்கு இடையிலான தூரத்தோடு ஒப்பிட்டு 1970களில் ஆராய்ந்திருக்கிறார். தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது. ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டினால் வாரத்துக்கு ஒரு முறை பேசிக்கொள்ளும் வாய்ப்புகூட மிகக் குறைவு என்பது அவர் கண்டது. ஐம்பது மீட்டர் என்பது நம் வீடமைப்புப் பேட்டைகளிலுள்ள நீளமான புளோக் ஒன்றின் தாழ்வாரத்தைவிடக் குறைவு. அப்படியானால் பொங்கோலில் ஒரே வட்டாரத்தில் இருப்பது என்பதே போதாது. ஒரே மாடியில் இருக்க வேண்டும்.

1993ல் பொருளியலாளர்கள் மூவர் அமெரிக்கக் காப்புரிமைகளை வைத்துச் செய்த ஆய்வும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கண்டுபிடிப்பைப் பின்னால் வரும் கண்டுபிடிப்புகள் சுட்டும்போது, அதே ஊரில் பிறந்தவையே எதிர்பார்ப்பதைவிட அதிகமாகச் சுட்டுகின்றன, அதாவது அறிவு பிறந்த இடத்தைச் சுற்றியே முதலில் பரவுகிறது என்பது அதன் முடிவு. முடிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காப்புரிமை எடுக்கிறவர் யார்? மின்சில்லு செய்பவரும் மருந்து செய்பவரும். துப்புரவு நிறுவனமும் மாணவர் போக்குவரத்துப் பேருந்து நடத்துபவரும் டிங்கட் எனும் அடுக்குப் பாத்திரத்தில் வீடுகளுக்கு உணவு கொண்டு கொடுப்பவரும் எதற்குக் காப்புரிமை எடுப்பார்கள்? எங்கள் கண்டுபிடிப்பு ஒரு கோடு போட்ட நோட்டில் கிடக்கிறது. நம் பொருளியலில் உற்பத்தித் துறையின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, சேவைத் துறைகளின் பங்கு மூன்றில் இரண்டுக்கும் மேல் என்னும்போது, பல்கலைக்கழகத்துக்கும் தொழிலுக்கும் உள்ள உறவைக் காப்புரிமைகளையும் ஆய்வுக்கூட ஒப்பந்தங்களையும் வைத்து அளப்பதில் பெரும்பகுதி கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

இன்னொரு கணக்குப் பிழையும் இருக்கிறது. தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? நிறுவனத்தின் பதிவு முகவரியிலிருந்து வளாகத்துக்கு என்றுதான் எவரும் அளப்பார். வீட்டுக்கே சென்று முதியோரைப் பராமரிக்கும் சேவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாய லேபாரில் ஒரு சிறு அலுவலகம், இரண்டு மேசை, ஒரு அலமாரி. வேலை நடப்பது பிடோக்கிலும் உட்லண்ட்சிலும் தோ பாயோவிலும் உள்ள வீடுகளின் படுக்கையறைகளில். அந்த அலுவலகத்துக்கு எதிரே பல்கலைக்கழகம் கட்டினாலும், படுக்கையிலிருந்து ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பராமரிப்பாளருக்கு ஏன் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்பதை அங்கிருந்து பார்க்க முடியாது. துப்புரவுச் சேவைக்கும் வீடு மாற்றித் தரும் சேவைக்கும் பூச்சி ஒழிப்புக்கும் இதே கதைதான்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. நம் எம்ஆர்டி ரயில்கள் ஓடத் தொடங்குவது காலை ஐந்தரை மணி வாக்கில். வார இறுதியில் ஓடிய இரவுப் பேருந்துகளும் கொவிட் காலத்தில் நின்றவை பிறகு திரும்பவில்லை. ஆகவே விடியற்காலை 4 மணிக்குச் செனோக்கோவுக்கும் எந்த வளாகத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு டாக்சிக் கட்டணம். ஜூரோங் வட்டார ரயில் பாதை கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ரயில் வசதி வரும்போது பகல் நேரத்துப் பயணம் நிச்சயம் சுருங்கும், மகிழ்ச்சிதான். எங்கள் அடுப்பு பற்றும் நேரத்தை அது எட்டாது. ஆண்டு நாள்காட்டியும் இப்படித்தான். ஆகஸ்டில் தொடங்கும் கல்விப் பருவம் நவம்பரில் தேர்வுகளை நோக்கி ஓடும். எங்களுக்கு அக்டோபர், நவம்பர் தீபாவளி. நாங்கள் மிகவும் பரபரப்பாக இருக்கும் வாரங்களில்தான் பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கின்றன. அந்த வாரங்களில்தான் மாணவர்கள் நூலகத்தை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

தூரம் என்பதில் நிலத்தைத் தவிர வேறு வகைகளும் உண்டு என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரான் பொஷ்மா 2005ல் எழுதியிருக்கிறார். அறிவால் நெருக்கம், அமைப்பால் நெருக்கம், பழக்கத்தால் நெருக்கம், சட்டதிட்டங்களால் நெருக்கம், இடத்தால் நெருக்கம் என்று ஐந்தைப் பிரித்து, இடத்தால் நெருங்கியிருப்பது மட்டும் தேவையும் இல்லை, போதவும் போதாது என்கிறார். இதை முதலில் படித்தபோது, பேராசிரியர்கள் எதையும் ஐந்தாகப் பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு கோயம்புத்தூர் நினைவுக்கு வந்தது.

அங்குள்ள பொறியியல் கல்லூரி ஒன்றின் தொழில்முனைவு மையத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் எங்களுக்குச் சமையல் அட்டவணை மென்பொருள் செய்து தர முன்வந்தார்கள். ஒருவருடைய அப்பா கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர். பந்தி என்றால் என்ன, இரண்டாம் பந்திக்கு ரசம் ஏன் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடல் கடந்து, ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணத் தொலைவில் இருந்தவர்கள், தொலைபேசியிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டார்கள். இதே தீவில் ஒன்றரை மணி நேரத்தில் இருந்தவர்களால் முடியாதது அது. ஆனால் மிச்சக் கால்வாசியில் மாட்டிக்கொண்டோம். இரவே எல்லாவற்றையும் சமைத்து இறக்கிவிடுவதாக அவர்கள் அட்டவணை போட்டிருந்தார்கள். நம் நான்கு மணி நேரச் சீட்டு அதைக் குப்புறத் தள்ளிவிட்டது. சீட்டைப் பற்றி நான் சொல்லாமல் இல்லை. சொன்னது அவர்களுக்கு ஒரு விதியாகத்தான் தெரிந்தது. கடைசியில் சொந்தச் செலவில் வந்து, நான்கு நாள் எங்கள் வேனில் உட்கார்ந்து, பேன் ஐலண்டு விரைவுச்சாலை நெரிசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போன பிறகுதான் அட்டவணை சரியானது. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிந்தால் தூரம் பெருமளவு கரையும் என்பது உண்மை. கரையாத கடைசிப் பகுதிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதும் உண்மை. எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, சரியான நான்கு நாள் இருந்தால் போதும்.

பக்கத்துப் பக்கத்தில் கட்டினால் மட்டும் போதாது என்பதைப் புரிந்துகொண்ட இடமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைத் தரமணியில் 2010ல் தொடங்கிய ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில், இடம் எடுக்கும் நிறுவனங்கள் ஐஐடியோடு சேர்ந்து செய்யும் வேலைகளுக்குப் புள்ளிகள் ஈட்ட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே காலம் தள்ளலாம் என்பதை அறிந்து வைத்த விதி அது. இங்கு வட்டாரங்களைத் திட்டமிடுபவர்கள் அதைக் கவனிக்கலாம். ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு.

மாணவர் திட்டங்களைத் தொழில்களோடு இணைக்கும்போது மாணவர் எங்கே படிக்கிறார் என்பதைப் பார்க்கிறார்கள். எங்கே வசிக்கிறார் என்பதையும் பாருங்கள். நம் மாணவர்களில் மிகப் பலர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலிருந்து போய்வருபவர்கள். ஈசூனில் வசிக்கும் பிள்ளை கெண்ட் ரிட்ஜில் படித்தாலும் இரவு ஈசூனுக்குத்தான் திரும்புகிறார். சிறு சேவைத் தொழில்களும் அதே பேட்டைகளில்தான் இருக்கின்றன. வளாகத்திலிருந்து வராமல் வீட்டிலிருந்து வந்தால், என் திட்டத்தின் ஒன்றரை மணி நேரம் கால் மணி நேரமாகிவிட்டிருக்கும். அது ஒரு பிள்ளையின் விஷயத்தில் தற்செயலாக நடந்ததால்தான் எனக்கு ஏதோ கிடைத்தது. மாணவரின் சம்மதத்தோடு அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய ரயில் பாதையோ வேண்டியதில்லை.

அடுத்தது செலவு. 2021 முதல் 2025 வரையிலான ஆய்வு, புத்தாக்க, தொழில்முனைப்புத் திட்டத்துக்கு அரசாங்கம் ஒதுக்கியது ஏறத்தாழ 2,500 கோடி வெள்ளி. அது பெரும்பாலும் வேறு பெரிய வேலைகளுக்கான பணம் என்று எனக்குத் தெரியும். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிகாலை 4 மணிக்கு ஒரு மாணவர் டாக்சியில் வந்து போகும் கட்டணத்தைக் கேட்டுப் பெறுவதற்கு எங்கள் திட்டத்தில் எந்தப் படிவமும் இருக்கவில்லை. கணினி வாங்க உதவித்தொகை இருந்தது. மென்பொருளுக்கும் இருந்தது. நேரில் வந்து நிற்பதற்கு மட்டும் இல்லை. ஆசிரியருக்கும் அப்படியே: கட்டுரை எழுதினால் கணக்கில் வரும், செனோக்கோவில் மூன்று இரவு நின்றால் எந்தக் கணக்கிலும் வராது. அந்த ஆசிரியர் இரண்டாம் முறை வராததற்குக் காரணம் அவருக்கு அக்கறை இல்லாதது என்று நான் எண்ணவில்லை.

பருவ விடுமுறைகளையும் பயன்படுத்தலாம். மே முதல் ஜூலை வரை மாணவர்களுக்கு நேரம் இருக்கிறது. தீபாவளி அப்போது வராது, உண்மைதான். ஆனால் ஆனி மாதத்துக் கல்யாணங்கள் வரும், நிறுவன விருந்துகள் வரும், பதினாறாம் நாள்கள் எந்த மாதமும் வரும்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. பல்கலைக்கழகம் என்றாலே நமக்கானது இல்லை என்று ஒதுங்குகிறோம். கேள்வி கேட்கும் பிள்ளைகளை வேலையைக் கெடுக்க வந்தவர்களாகப் பார்க்கிறோம். லிட்டில் இந்தியாவில் தொழில் நடத்தும் நண்பர்கள் சிலரிடம் என் அனுபவத்தைச் சொன்னபோது, நம் தொழில் ரகசியத்தையெல்லாம் ஏன் வெளியே கொடுக்கிறாய் என்றார்கள். அவர்களுடைய நிறுவனங்களிலிருந்து பிராஸ் பசா வளாகத்துக்கு இரண்டே ரயில் நிலையம். டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரோச்சோரை அடுத்து பூகிஸ், இறங்கி நடந்தால் பல்கலைக்கழகம். அந்தத் தூரத்தை நான் என்ன சொல்லிக் குறைப்பது என்று தெரியவில்லை.

என்னளவில் ஒன்று செய்திருக்கிறேன். எங்கள் சமையற்கூடத்தில் பண்டகசாலைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் போட்டு வைத்திருக்கிறேன். ஆர்டர் தாளில் இப்போது நிகழ்ச்சிக்கான கட்டம் இருக்கிறது. மாஸ்டரின் நோட்டும் அந்த மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, அவரிடம் கேட்டுவிட்டுத் திறக்கலாம். எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், வடக்கே உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் பக்கம் குடியிருக்கும் மாணவர் எவராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதட்டும். வார நாளில் கதவு அதிகாலை 3.30க்குத் திறக்கும், சனிக்கிழமை 2 மணிக்கே. தேநீர் இருக்கும்.

இப்படிக்கு,
உணவு விநியோகத் தொழில் நடத்தும் வாசகர்,
செம்பவாங்